எதிரிக்கு மூன்று நட்சத்திரம்

1

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காக இந்த முறை ஓசூருக்குப் போனேன். ஒரு வாரம் கழித்து அயர்லாந்துக்குத் திரும்பியபோது என் தம்பி அருள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான்.

இங்கே குளிர் எப்படி, சோறு கிடைக்கிறதா, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை எத்தனை ஷிஃப்ட் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு நான் எழுதுவது வழக்கம். இந்த முறை அதெல்லாம் இல்லை. என் தம்பி மகள் நிவேதாவைப் பற்றி எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மாத்திக்கோங்க அத்தை. நான் எழுதுனத மட்டும் மாத்தாதீங்க" என்றாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவள் எழுதியது ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் என்னால் முடிந்த அளவு அப்படியே தருகிறேன்.

2

பெங்களூரு விமான நிலையத்தில் அதிகாரி என் அயர்லாந்து பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஜோசப் என்று இருக்கிறது. நமக்கு அது அப்பா பெயர். அயர்லாந்துக்காரர்களுக்குப் புரியவைக்க முடியாமல் விட்டதில் என் குடும்பப் பெயரே அதுவாகிவிட்டது. வார்டில் எல்லோரும் என்னை மிஸஸ் ஜோசப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "ஜோசப் உங்கள் கணவரா?" என்று அதிகாரி கேட்டார். "அப்பா. அவருடைய வருட நினைவுக்குத்தான் வந்திருக்கிறேன்" என்றேன். முத்திரை குத்தினார்.

டாக்ஸிக்காரர் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். நான் கன்னடத்தில் ஆரம்பித்து, பாதியில் வார்த்தை கிடைக்காமல் ஆங்கிலத்தில் முடித்தேன். "மேடம், யாவ ஊரு?" என்றார். ஓசூர் என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார், நம்பியதாகத் தெரியவில்லை. அத்திப்பள்ளி தாண்டி, லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, பாகலூர் சாலைக்குள் திரும்பும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

வழக்கமாக நான் வந்தால் கேட்டுக்கு ஓடிவருகிறவள் நிவேதா. பர்கூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். திருப்பலிக்கு முந்தின நாள்தான் வருவாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. கேட்டைத் திறந்தவள் அருளின் மனைவி சாந்தி. "வாங்க அண்ணி" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அருள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். இருசக்கர வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவன் சூப்பர்வைசர். அன்று ஷிஃப்டுக்குப் போகவில்லை. பயணம் எப்படி என்று கேட்காமல் போனை என் பக்கம் தள்ளினான்.

"படிச்சிப் பாருக்கா."

யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட். மேலே நிவேதாவின் சிறிய படம், கெலவரப்பள்ளி அணையில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே நாலைந்து வரி ஆங்கிலம்.

"நம்ம சர்ச் இளைஞர் வாட்ஸ்அப் குழுவுல போட்டுருக்கானுங்க. யார் போட்டதுன்னு தெரியல, உடனே அழிச்சிட்டானுங்க. அதுக்குள்ள ஊரெல்லாம் போயிருச்சு. நான் டீ டைம்ல நிக்கறன், பக்கத்து லைன் ஆளு என் முன்னாடியே சத்தமா படிக்கிறான்க்கா. 'சார் பொண்ணு இங்கிலீஷ் நல்லா எழுதுது'ங்கிறான். சுத்தி இருந்தவனுங்க சிரிக்கிறானுங்க."

"என்னா எழுதியிருக்கா அப்படி?"

"அது ஏதோ புக்கு. ரெண்டு பொண்ணுங்க. மொதல்ல அடிச்சிக்கிறாளுங்க, அப்புறம்..." அவன் நிறுத்தினான். "அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நீ வெளக்க வேணாம்."

நிவேதாவின் போன் பீரோவுக்குள் இருந்தது, சாவி அவன் சட்டைப் பையில். வருகிற ஞாயிறு சாமல்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றான். பையன் ரயில்வேயில் இருக்கிறானாம். அதற்குமுன் பர்கூருக்குப் போய் டி.சி. வாங்கிவிட வேண்டும்.

"திருப்பலி முடியட்டும்" என்றேன்.

"அதுக்குத்தான் காத்துகினு இருக்கன்."

3

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். புத்தகம் படித்தவர்கள் நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதும் தளம் அது. நாவல், பதின்ம வயதினருக்கானது. எங்கோ ஒரு குளிர்நாட்டுக் கடற்கரை ஊர். ஒரே பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள், இருவருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது. படகுப் போட்டிக்கு ஆசிரியை இருவரையும் ஒரே படகில் உட்கார வைக்கிறார். பகையில் தொடங்குவது காதலில் போய் நிற்கிறது.

நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர்: "முக்கால் புத்தகம் சண்டை. எனக்குச் சண்டைதான் பிடித்தது. முத்தம் வந்ததும் கதை படுத்துவிட்டது." இன்னொருவர் இரண்டே நட்சத்திரம்: "அவ்வளவு வெறுத்தவள் ஒரு நாள் மழையில் கோட்டைக் கழற்றிக் கொடுத்ததும் எல்லாம் மறந்துபோகுமா? மன்னிப்பு இவ்வளவு மலிவா?" ஒருவர் புத்தகத்தைப் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டே ஒரு நட்சத்திரம் போட்டு, இதைப் பள்ளி நூலகத்தில் வைத்தவர்களைத் திட்டியிருந்தார். பலபேர் அந்த இருவரையும் 'ஷிப்' பண்ணுவதாக எழுதியிருந்தார்கள். படகுக் கதை என்பதால் கப்பலைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேர் ஜோடி சேர வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு அதுதான் பிள்ளைகளின் வார்த்தை என்று பிறகு தெரிந்தது. ஒரு தாய் எழுதியிருந்தார்: "என் மகள் இதை என்னிடம் படிக்கக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று கடைசிப் பக்கத்தில்தான் புரிந்தது."

அதைத் தாண்டிக் கொஞ்சம் கீழே நிவேதா.

"மூன்று நட்சத்திரம். இதில் சண்டை உண்மை. காதலும் உண்மை. பயம்தான் பொய். இந்தப் பெண்கள் போட்டியில் தோற்பதற்குப் பயப்படுகிறார்கள், வீட்டுக்குப் போகப் பயப்படுவதே இல்லை. யாரும் கதவைத் தட்டாமல் இவர்கள் அறைக்குள் வருவதில்லை. என் வகுப்பில் எனக்கும் ஒரு எதிரி இருக்கிறாள். அவள் என்னைவிட இரண்டு மதிப்பெண் அதிகம் வாங்குகிற நாளில் எனக்குச் சோறு இறங்காது. அவள் வராத நாளிலும் இறங்காது. இது இந்த எழுத்தாளருக்கு எப்படித் தெரிந்தது?"

இரண்டாவது முறை படித்தபோது, அவள் வராத நாளிலும் சோறு இறங்காது என்ற இடத்தில் நின்றேன். டீக்கடைக்காரனுக்கும் புரிகிற வரி அது. அதே சமயம் ஒரு நல்ல வரி. இரண்டும் ஒன்றாக மனதில் பட்டது எனக்கே பிடிக்கவில்லை.

அதற்குக் கீழே ஒருவர் பதில் போட்டிருந்தார்: "நிவி, புத்தகத்திலேயே இவ்வளவு நல்ல வரி இல்லை." பெயரைப் பார்த்தேன். ஆனி. என் மகள். அயர்லாந்தில் பள்ளிக் கடைசி வருஷம் படிக்கிறாள்.

அவளும் தனியாக ஒரு கருத்து எழுதியிருந்தாள், நாலு நட்சத்திரத்தோடு. கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: "என் அம்மா இதைப் படிக்க மாட்டார். படித்தாலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்."

மாமன் மகளும் அத்தை மகளும் ஞாயிறுதோறும் போனில் மணிக்கணக்காகப் பேசுவது எனக்குத் தெரியும். ஆனியின் தமிழ் இதனால் தேறுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டதில்லை.

4

திருப்பலியில் அப்பாவின் பெயரை வாசித்தபோது அருள் அழுதான். கோயில் வளாகத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும்போது, நிவேதா நீட்டியதை இரண்டு பெண்கள் வாங்காமல் சாந்தியிடம் போய் வாங்கிக்கொண்டார்கள். சாந்தி அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நிவேதா மிச்சமிருந்த பொட்டலங்களை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் சாந்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க எதுவும் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறன். நீங்க வெள்ளிக்கெழம ஃப்ளைட் ஏறிருவீங்க. நாங்க இந்த ஊர்லதான் இருக்கணும். அவரு கம்பெனில தலை நிமிந்து நடக்கணும்."

"உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமா சாந்தி?"

வெங்காயத்தைத் திரும்பவும் நறுக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே நறுக்கியதையே நறுக்கினாள்.

மாடியில் நிவேதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

"கேக்கப் போறீங்களா அத்தை?"

"என்னத்த?"

"எல்லாரும் கேக்கறத."

"இல்ல. ஒண்ணுதான் கேக்கறன். உனக்குப் படிக்கணுமா?"

"படிக்கணும்" என்றாள். பிறகு, "அப்பா நாளைக்கு டி.சி. வாங்கறாரு. நான் என்னா அத்தை பண்ண முடியும்?" என்றாள். உண்மையாகவே பதில் தெரியாமல்தான் கேட்டாள். நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

5

மறுநாள் காலை அருள் காரை எடுத்தான். நிவேதா பின்சீட்டில் என் பக்கத்தில். சூளகிரி, கிருஷ்ணகிரி, பிறகு கிரானைட் கல் ஏற்றிய லாரிகள். முன்னால் போகிற லாரியின் பெரிய கறுப்புக் கல் சங்கிலியில் லேசாக அசைந்தது. அருள் அதற்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டிருந்தான், முந்தவில்லை. அவனுக்கும் போய்ச் சேர அவசரமில்லையோ என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது.

கல்லூரி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் ஊழியர். அருள் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டுவந்த விண்ணப்பத்தை நீட்டினான். அவர் வாங்கி, எண் போட்டு, முத்திரை வைத்து, அதற்கப்புறம்தான் படித்தார்.

"சார், இது நீங்க எழுதியிருக்கீங்க. நீங்க எழுதுனா செல்லாது. பொண்ணு மேஜர். பொண்ணு எழுதி, பொண்ணு கையெழுத்துப் போடணும். அப்புறம் லைப்ரரி, லேப், ஹாஸ்டல் மூணு எடத்துலயும் பாக்கி இல்லைன்னு வாங்கிட்டு வரணும்."

ஒரு வெள்ளைத் தாளை நிவேதாவின் முன் வைத்தார். "ஏம்மா, நல்லா படிக்கற பொண்ணாச்சே. என்னா காரணம்?"

"குடும்பச் சூழ்நிலைன்னு எழுது" என்றான் அருள்.

நிவேதா எழுத ஆரம்பித்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள். பேனா சீராகத்தான் ஓடியது. அவளுடைய காது மட்டும் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ குடும்பத்துச் சண்டைக்கு நடுவில் நின்றிருக்கிறேன். சொந்தத் தம்பியின் பக்கத்தில் நின்று அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நீலநிற லேப் கோட் போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"அங்கிள், நான் பவித்ரா."

அருளின் முகம் மாறியது. வகுப்பில் நிவேதாவோடு முதலிடத்துக்குப் போட்டி போடுகிறவள் யார் என்று இந்த நாலு நாளில் அவனுக்கும் தெரிந்திருந்தது. கெலவரப்பள்ளிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் தெலுங்குக் குடும்பத்துப் பெண். தமிழில் தெலுங்கு இழுவை இருந்தது.

"நீ எதுக்கு வந்த?"

"டி.சி. வாங்கறாங்கன்னு சொன்னாங்க. நெசமான்னு பாக்க வந்தன்."

"நெசம்தான். பாத்துட்ட இல்ல, போ."

அவள் போகவில்லை. நிவேதாவின் பக்கம் திரும்பினாள். அந்தக் குரலில் பரிவு கொஞ்சமும் இல்லை. "செமஸ்டருக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குது. தோத்துட்டுப் போ. சும்மா எந்திரிச்சிப் போவாத. நான் யாரையும் ஜெயிக்காம ஃபர்ஸ்ட் வரணுமா?"

நிவேதா தலையைத் தூக்கவில்லை. ஆனால் பேனா நின்றுவிட்டது. அவள் அதை மூடி, தாளின் மேல் வைத்து, ஊழியரைப் பார்த்துச் சொன்னாள்: "மேடம், நான் எழுதலைங்க."

"நிவேதா" என்றான் அருள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டன்பா."

அவன் கை மேலே போனது. நான் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். எங்கிருந்து அந்த வேகம் வந்தது என்று தெரியவில்லை. சின்ன வயதில் அவனைச் சாலை தாண்டக் கூட்டிப்போகும்போது பிடித்த கை. இப்போது முறுக்கேறிய கை, என் விரல்கள் பாதிதான் சுற்றின.

"விடுக்கா."

"மாட்டன். அடிச்சீன்னா போலீசுக்கு நான்தான் போன் பண்ணுவன்."

"உனக்கென்னா? நீ ஏறிப் போயிருவ. சாமல்பட்டிக்காரங்களுக்கு நான்தான பதில் சொல்லணும்? கோயில்ல நான்தான நிக்கணும்?"

"ஆமாடா. நீதான் நிக்கணும். அது எனக்குத் தெரியும். ஆனா கையெழுத்து அவளோடது."

அவன் கையை உதறி விடுவித்துக்கொண்டான். அடிக்கவில்லை. என்னை, மகளை, அந்த லேப் கோட்டுப் பெண்ணை வரிசையாகப் பார்த்தான். அவன் கண்ணில் கோபத்தைவிட, ஏதோ ஒரு கூட்டத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டவனின் திகைப்புதான் இருந்தது. வெளியே போய்விட்டான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஊழியர் அருளின் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். "அப்ப இத என்னா பண்றது? நம்பர் போட்டுட்டனே. வாபஸ் வாங்கறதா இருந்தா அதுக்கு ஒரு விண்ணப்பம் வேணும்மா."

"செல்லாத விண்ணப்பத்துக்குமா?" என்றேன்.

"நம்பர் விழுந்துருச்சு இல்லீங்களா."

நிவேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரும் கூடவே வந்தது. அதே தாளைத் திருப்பிப்போட்டு எழுதினாள். பவித்ரா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "'திரும்பப் பெறுதல்'ல ஒரு 'ப்' விட்டுட்ட" என்றாள்.

"வாய மூடுடி" என்றாள் நிவேதா. எழுத்தைச் சேர்த்தாள்.

அவர்கள் இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் அன்றும் கேட்கவில்லை. இன்றும் எனக்குத் தெரியாது.

6

நிவேதாவை ஹாஸ்டலில் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் ஓசூர் திரும்பினேன். வீட்டில் அருள் இல்லை, இரண்டாவது ஷிஃப்டுக்குப் போய்விட்டான். சாந்தி நடந்ததை முழுவதும் கேட்டாள். "அடிச்சாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள். அவளிடமும் ஒரு சாவி இருந்திருக்கிறது. நிவேதாவின் போனை ஒரு துண்டில் சுற்றி, கூடவே மாற்றுத்துணியும் முறுக்கும் வைத்துப் பையைக் கட்டினாள்.

"ஹாஸ்டல்ல புள்ள போன் இல்லாம எப்படி இருக்கும்? நாளைக்குக் குடுத்துட்டு வந்துருங்க அண்ணி."

"சாமல்பட்டிக்காரங்க?"

"பரிச்ச முடியட்டும்னு நானே சொல்லிட்டன். அவரு என்னையத் திட்டுவாரு. திட்டட்டும்."

நான் கிளம்பும்வரை அருள் என் கண்ணில் படவில்லை. டாக்ஸிக்காரரை மட்டும் அவன்தான் ஏற்பாடு செய்திருந்தான்.

7

இங்கே வந்ததும் பழைய வாழ்க்கை தொடர்ந்தது. விடியற்காலை மழையில் பஸ், வார்டு, மருந்து வண்டி, "மிஸஸ் ஜோசப், ஒரு நிமிஷம்." மாலையில் சாம்பார். கணவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, "அருள் பாவம்" என்றார், கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ணும் பாவம்" என்றார்.

ஆனி இரண்டு நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் நான் அரிசி களையும்போது பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய தமிழ் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும்.

"அம்மா, நீ மாமா கைய பிடிச்சியாம். நிவி சொன்னா."

"ம்."

"அது நானா இருந்தா?"

"உனக்கு எதுக்கு டி.சி.?" என்று சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அரிசியின் மேல் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடினேன்.

"எனக்கு ஒடனே பேச வராது ஆனி. நீ ஏதாவது சொன்னா நான் கேப்பன். கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பன். கோவம்னு நெனச்சிக்காத. அப்புறம் பேசுவன்."

"எவ்ளோ நேரம்?"

"சோறு வேகற நேரம்."

அவள் தலையாட்டினாள். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பது எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அந்த நாவலைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனாள்.

பஸ்ஸில், இடைவேளையில், ஒரு முறை பல் மருத்துவரின் வரவேற்பறையில் என்று படித்து முடித்தேன். அந்தப் பிள்ளைகள் பேசுகிற ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது, ஐரிஷ் நோயாளிகளோடு இத்தனை வருஷம் பேசியும். புரியாத வார்த்தைகளை ஆனியிடம் கேட்டேன். அவள் கூச்சப்பட்டாள், பிறகு விளக்கினாள், பிறகு நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று தினமும் விசாரிக்க ஆரம்பித்தாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. மழையில் கோட் கொடுக்கும் இடம் எனக்கும் சற்று அவசரமாகத்தான் தோன்றியது.

8

போன வாரம் அருள் கூப்பிட்டான். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"அக்கா."

"சொல்லுடா."

"அந்த புக்க நீ படிச்சிட்டியாமே. ஆனி சாந்திகிட்ட சொல்லுச்சாம்."

"படிச்சன்."

"முழுசாவா?"

"முழுசா."

இரைச்சல் குறைந்தது. வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது. "அதுல அந்தப் புள்ளைங்களோட அப்பன் என்னா பண்றான் கடைசில?"

நான் யோசித்தேன். பக்கங்களை மனதில் புரட்டிப் பார்த்தேன்.

"அப்பனே இல்லடா அதுல. ஒருத்திக்கு அம்மா மட்டும்தான். இன்னொருத்தி அப்பா எங்கேயோ வெளியூர்ல. ஒரு எடத்துலயும் வரல."

அதைக் கேட்டதும் கூப்பிட்டதே தவறு என்று நினைத்துவிட்டானோ என்று பயந்தேன்.

"அப்படின்னா லேசு" என்றான். "அப்பன உட்டுட்டு எழுதறது லேசு."

"ஆமாடா."

"சனிக்கெழம எனக்கு ஷிஃப்ட் இல்ல. பர்கூர் வரைக்கும் போலாம்னு பாக்கறன். போய் என்னா பேசறதுன்னுதான் தெரியல. நான் உள்ள போற வரைக்கும் நீ லைன்ல இருக்கறியா?"

சனிக்கிழமை எனக்கு வேலை நாள். வார்டின் துணி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனைக் காதில் வைத்து நின்றேன். கார் கதவு மூடிய சத்தம் கேட்டது. சரளைக் கல்லில் அவனுடைய நடை கேட்டது, நின்றது, திரும்பக் கேட்டது. பிறகு தூரத்தில் ஹாஸ்டல் வாட்ச்மேனின் குரல்: "யாருங்க நீங்க? யார பாக்கணும்?"

அருள் மூச்சை இழுத்து விட்டான்.

"நிவேதாவோட அப்பா" என்றான்.

அதற்கப்புறம் துணி உரசும் சத்தம்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.